1968: அரைப்படி நெல் கேட்ட ஆண்டு



போன மாதம் தஞ்சாவூரில் நாங்கள் நடத்தும் படிப்பு வட்டத்தில் ஒரு கல்லூரி மாணவி 1968ஆம் ஆண்டைப் பற்றிப் பேசினார். நன்றாகத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தார். பாரிஸ் மாணவர் எழுச்சி, பிராகுக்குள் புகுந்த சோவியத் டாங்கிகள், மெம்பிஸில் சுட்டுக் கொல்லப்பட்ட மார்ட்டின் லூதர் கிங், வியட்நாம் என்று முக்கால் மணி நேரம் தங்கு தடையில்லாமல் பேசினார். பேசி முடித்ததும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பழைய விவசாயத் தொழிலாளர் சங்கத்துப் பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஏம்மா, வெண்மணி என்னைக்கு நடந்துச்சு?"

"டிசம்பர் 25 அய்யா."

"எந்த வருஷம்?"

மாணவி வாயைத் திறந்து மூடினார். அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆண்டுதோறும் வெண்மணிக்குப் போய் வருகிறவர்தான். ஆனால் உலகத்து 1968 ஒரு நோட்டிலும், வெண்மணி இன்னொரு நோட்டிலும் இருந்திருக்கிறது. இரண்டும் ஒரே காலண்டரில் கிழிபட்ட தாள்கள் என்று அதுவரை அவருக்குத் தோன்றியதே இல்லை. அவரைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை கிடையாது. அன்று வீடு திரும்பும்போது எங்களுக்குள் பேசிக்கொண்டோம்: அதே ஆண்டில் யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது என்று அந்தப் பெரியவர் நம்மைக் கேட்டிருந்தால் நம்மில் எத்தனை பேர் பதில் சொல்லியிருப்போம்?

அதனால்தான் இந்தக் கட்டுரை. 1968இல் நம்மைச் சுற்றியிருந்த நாடுகளில் நடந்தவற்றை ஒரே தாளில் எழுதிப் பார்க்க விரும்புகிறோம். தெற்காசியா என்று பாடப்புத்தகம் சொல்லும் நிலப்பரப்புதான். அதைச் சென்னையிலோ டெல்லியிலோ நின்று பார்க்காமல் கீழத்தஞ்சையின் சேரியிலிருந்து பார்த்தால் அந்த ஆண்டு எப்படித் தெரிகிறது என்பதே எங்கள் கேள்வி.

ஆண்டு தொடங்கியது தமிழ்க் கொண்டாட்டத்தோடு. ஜனவரி முதல் வாரத்தில் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு. முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரில் நடந்திருந்தது. அதற்கு வித்திட்ட தனிநாயகம் அடிகள் யாழ்ப்பாணத்துக்காரர்; மலேயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். ஆகவே மலேயா, ஈழம், தமிழகம் மூன்றையும் ஒரே பந்தலுக்குள் கொண்டுவந்த நிகழ்ச்சி அது. முதல்வர் அண்ணா. மெரினா கடற்கரையில் திருவள்ளுவர், அவ்வையார், கம்பர், கண்ணகி, பாரதியார், பாரதிதாசன், வ.உ.சி., வீரமாமுனிவர், கால்டுவெல், போப் என்று பத்துச் சிலைகள் எழுந்தன. அதே மாதம் 23ஆம் தேதி சட்டமன்றத்தில் இருமொழிக் கொள்கைத் தீர்மானம் நிறைவேறியது. முந்தைய ஆண்டே மாநிலத்தின் பெயரைத் தமிழ்நாடு என்று மாற்றத் தீர்மானம் போட்டிருந்தார்கள். இந்தி ஆதிக்கத்தை எதிர்த்தவர்கள் கொண்டாட வேண்டிய மாதம்தான் அது. அதைக் கேலி செய்வதற்காக நாங்கள் எழுதவில்லை. நம் மாணவர்கள் இன்று தமிழில் தேர்வெழுதுவதில் அந்தத் தீர்மானத்துக்கும் பங்கு உண்டு.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. தமிழுக்குத் தொண்டு செய்த வெள்ளைக்காரப் பாதிரியார்களுக்கும் இடம் கிடைத்த அந்த வரிசையில், 1907இலேயே 'ஒரு பைசாத் தமிழன்' என்று பத்திரிகை நடத்திய அயோத்திதாசப் பண்டிதருக்கு இடமில்லை. பண்டிதருக்குச் சென்னை கிண்டியில் அரசு சிலையும் மணிமண்டபமும் திறந்தது 2023 டிசம்பரில். 'கடற்கரையில் உழைப்பாளர் சிலை 1959இலேயே வைத்துவிட்டார்களே' என்று யாராவது சொல்லக்கூடும். உண்மைதான். அந்த நான்கு பேரும் பாறையைத்தான் புரட்டுகிறார்கள். நெல் அறுக்கிறவர் யாரும் அங்கே இல்லை.

நெல்லுக்கு வருவோம். அந்த ஆண்டு இந்தப் பகுதி முழுக்க அரசியலே படியாலும் மரக்காலாலும் அளக்கப்பட்டது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றது திமுக. மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றும் சொல்லிக்கொண்டது. ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படித் திட்டம் தொடங்கியது. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் டட்லி சேனநாயக்காவின் அரசு 1966 கடைசியில் பங்கீட்டு அரிசியை வாரத்துக்கு இரண்டு கொத்திலிருந்து ஒரு கொத்தாகக் குறைத்திருந்தது. அந்த ஒரு கொத்து அரிசிக் கோபம் 1970இல் அவரை வீட்டுக்கு அனுப்பியதில் பெரும் பங்கு வகித்தது. நுகர்கிறவரின் படியைப் பற்றி இரண்டு நாட்டிலும் அரசுகள் கவலைப்பட்டன, ஏனென்றால் அதில் ஓட்டு இருந்தது. விளைவிக்கிறவரின் படியைப் பற்றி?

தஞ்சை மாவட்டம் அப்போது பிரிக்கப்படாதது. நாகப்பட்டினமும் திருவாரூரும் மயிலாடுதுறையும் அதற்குள்தான் இருந்தன. 1960லேயே மத்திய அரசின் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு இந்த மாவட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆடுதுறை ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து வந்த ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல் 1960களின் நடுவில் குறுவை வயல்களில் பரவியது. உரம் வந்தது, கடன் வந்தது, மகசூல் ஏறியது. 1968 மார்ச்சில் வில்லியம் காட் என்ற அமெரிக்க உதவி நிறுவன அதிகாரி இந்த மாற்றத்துக்குப் பசுமைப் புரட்சி என்று பெயர் வைத்தார். சோவியத்தின் செம்புரட்சி போன்றதல்ல இது என்று விளக்கமும் தந்தார். நிறம் பார்த்து வைத்த பெயர். அதே ஆண்டில் கீழத்தஞ்சையின் மிராசுதார்கள் தங்கள் நெல் உற்பத்தியாளர் சங்கத்தின் கொடியைக் கையில் வைத்துக்கொண்டு, சேரிகளில் பறந்த செங்கொடியை இறக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாஷிங்டன் அதிகாரிக்கும் இரிஞ்சூர் மிராசுதாருக்கும் ஒருவரை ஒருவர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் இருவரும் எதைக் கண்டு பயந்தார்கள் என்பது ஒன்றுதான்.

அந்தச் செங்கொடி சேரிக்குள் வந்த கதை பெரிது. இங்கே இரண்டு பெயர்கள் மட்டும். பி. சீனிவாசராவ் 1940களில் பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டினார். சாணிப்பாலும் சவுக்கடியும் நின்றது அந்தச் சங்கத்தால்தான், எந்த அரசின் கருணையாலும் அல்ல. இன்னொருவர் களப்பால் குப்பு. நம்மிலிருந்து எழுந்த தலைவர், 1948இல் சிறையிலேயே உயிர்விட்டார். கடல் தாண்டிய தொடர்பும் அப்போதே இருந்தது. பட்டுக்கோட்டைப் பக்கம் தம்பிக்கோட்டையிலிருந்து போய் மலேயாவின் அகில தொழிற்சங்கச் சம்மேளனத் தலைவரான கணபதியை 1949இல் பிரிட்டிஷார் கோலாலம்பூரில் தூக்கிலிட்டார்கள். அங்கே தொழிற்சங்கத்தில் நின்ற வாட்டாக்குடி இரணியன் ஊர் திரும்பிச் சாணிப்பாலுக்கு எதிராகப் போராடி 1950இல் சுட்டுக் கொல்லப்பட்டார். உலகத் தமிழ் மாநாடு என்று ஒன்று நடப்பதற்கு முன்பே கூலித் தமிழர்களுக்கு ஓர் உலகம் இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

இனி யாழ்ப்பாணம்.

1968இன் நடுவில், திருவிழாக் காலத்தில், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் உள்ளே விடச் சொல்லிச் சத்தியாகிரகம் இருந்தார்கள். பின்னால் நின்றது தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம். 1966 அக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி நடந்த ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து நொறுக்கியபோது எழுந்த அலையிலிருந்து பிறந்தது அது. சண்முகதாசன் தலைமையிலான சீனச் சார்புக் கம்யூனிஸ்டுகள் அதற்கு முதுகெலும்பு. முதலில் தேநீர்க் கடைகள், பிறகு கோயில்கள். சங்கானைப் பக்கத்தில் அடிதடியும் துப்பாக்கிச் சூடும் நடந்தன, உயிர்கள் போயின. தேநீர்க் கடையில் சமமாக உட்கார்ந்து குடிப்பதற்கு உயிர் கொடுத்தார்கள் என்றால் டெல்டாக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இரட்டைக் குவளை நம் ஊரிலும் இருந்தது. பெயர் மாறி இன்னும் சில இடங்களில் இருக்கிறது.

மாவிட்டபுரத்தில் வாசலை மறித்து நின்றவர் யார் தெரியுமா? சி. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியர். சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் அமைச்சராக இருந்தவர். இந்திய வம்சாவளித் தமிழரின் குடியுரிமைப் பிரச்சினையில் அரசோடு முரண்பட்டு 1948இல் பதவியை விட்டவர். ஈழத் தமிழருக்குத் தனி நாடு வேண்டும் என்று மற்றவர்களுக்கு முன்பே பேசியவர்களில் ஒருவர். சிங்களப் பேரினவாதத்துக்கு எதிரே இத்தனை நெஞ்சுரத்தோடு நின்ற மனிதர், தமிழர்களே தமிழர்களின் கோயிலுக்குள் வருவதைத் தடுக்கத் தன் உடம்பையே குறுக்கே வைத்தார். தீண்டாமையைத் தண்டிக்கும் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவர்மீது வழக்கு நடந்தது. அவர் விடவில்லை, லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனார், அங்கும் தோற்றார்.

அதே ஆண்டில் இன்னொரு கோயிலும் செய்தியானது. திருகோணமலையில் கோணேசர் கோயில் வட்டாரத்தைப் புனித நகராக அறிவிப்பது பற்றி ஆராயத் தமிழரசுக் கட்சியைச் சார்ந்த அமைச்சர் திருச்செல்வம் குழு அமைத்தார். பிரதமர் டட்லி அதைக் கலைத்தார். திருச்செல்வம் பதவி விலகினார். மாவட்ட சபை மசோதாவும் அதே ஆண்டு கைவிடப்பட, தமிழரசுக் கட்சிக்கும் அரசுக்குமான உறவு முறிந்தது. அதுவும் நியாயமான கோபமே. தீண்டாமை கூடாது என்பது தமிழரசுக் கட்சியின் கொள்கைகளில் ஒன்று என்பதையும் மறைக்கக் கூடாது. இருந்தாலும் இரண்டு கோயில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு கோயிலுக்காக ஓர் அமைச்சர் பதவியைத் தூக்கி எறிய முடிந்தது. இன்னொரு கோயிலின் வாசலில் உட்கார்ந்திருந்தவர்களுக்காக எந்தப் பெரிய தமிழ்த் தலைவரும் எதையும் இழக்கவில்லை. ஓட்டுப் போடுகிற பெரும்பான்மைச் சாதி எந்தப் பக்கம் நின்றது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இந்தப் போராட்டங்களுக்குள் நின்று செயல்பட்டவர் எழுத்தாளர் கே. டானியல். பிறகு அவர் எழுதிய 'பஞ்சமர்' நாவலின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். டானியல் 1986இல் இறந்தது எங்கே தெரியுமா? நம் தஞ்சாவூரில். அவரைப் புதைத்ததும் இங்கேதான். இந்த ஊர்க் கல்லூரிகளில் தமிழ் படிக்கிற எத்தனை பேருக்கு இது தெரியும்? எங்களில் சிலருக்கே மிகத் தாமதமாகத்தான் தெரியவந்தது.

மலையகத்தையும் விட்டுவிடக் கூடாது. தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் நம் மக்கள். பஞ்சத்தாலும் பண்ணை அடிமைத்தனத்தாலும் துரத்தப்பட்டுப் போனவர்கள். 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். மரக்காலில் அளந்து கொட்டியதுபோல. அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் இலங்கைச் சட்டம் செயலுக்கு வந்து, குடியுரிமை விண்ணப்பங்கள் வாங்கத் தொடங்கியது 1968இல். லயத்து அறையில் உட்கார்ந்துகொண்டு, எந்த நாடு என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார்கள். திரும்பி வருகிறவர்களுக்கு வேலை கொடுக்க நீலகிரியில் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியதும் அதே ஆண்டுதான். கூலியாகப் போனவர்கள் கூலியாகவே திரும்பினார்கள். நிலம் கொடுப்பது பற்றிப் பேச்சு அதிகம் எழவில்லை.

வடக்கே ஒரு பார்வை. 1968 அக்டோபர் 5ஆம் தேதி மேற்கு வங்கத்தில் ஜோகேந்திரநாத் மண்டல் இறந்தார். பாபாசாகேப் அம்பேத்கர் 1946இல் அரசியல் நிர்ணய சபைக்குப் போனது வங்காளத்திலிருந்து. அதைச் சாத்தியமாக்கியதில் முதல் ஆள் மண்டல். பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சர். தன் மக்களுக்கு அங்கே பாதுகாப்பில்லை என்று கண்டு 1950இல் விலகி இந்தியா வந்தவர். இங்கே அவரைச் சீந்துவாரில்லை. அவர் இறந்த ஒரு மாதத்தில், நவம்பரில், அயூப்கானுக்கு எதிராக மாணவர் கிளர்ச்சி ராவல்பிண்டியில் தொடங்கியது. கிழக்கு வங்காளத்திலும் அது பற்றிக்கொள்ள, அடுத்த மார்ச்சில் அயூப் போனார். தன் ஆட்சியின் பத்தாண்டு வளர்ச்சியைக் கொண்டாடிக்கொண்டிருந்த ஆண்டு அது அவருக்கு. மாணவத் தோழர்கள் அந்த வரலாற்றைத் தனியாகப் படிக்க வேண்டும், இங்கே நீட்டவில்லை. ஆந்திராவின் காஞ்சிகசெர்லாவில் ஒரு தலித் இளைஞரைக் கட்டிவைத்து எரித்ததும் அந்த ஆண்டு பிப்ரவரியில்தான். அதே பிப்ரவரியில் மெம்பிஸில் கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். குப்பை வண்டியின் இயந்திரத்தில் இரண்டு தொழிலாளர்கள் நசுங்கிச் செத்ததுதான் அதற்குக் காரணம். கிங் அங்கே போனது அவர்களுக்காக. மாணவி கிங் கொலையைச் சொன்னார், துப்புரவுத் தொழிலாளர்களைச் சொல்லவில்லை. நம் ஊரில் சாக்கடைக் குழியில் மூச்சுத் திணறிச் சாகிறவர்கள் யார் என்று தெரிந்த நாம் அதை விட்டுவிட்டுக் கிங்கைப் பேசக் கூடாது.

இப்போது டிசம்பருக்கு வருகிறோம்.

டெல்டாவில் கூலி என்பது களத்திலேயே நெல்லாக அளப்பது. அறுத்துக் கட்டி, தலைச்சுமையாகக் களத்துக்குக் கொண்டுவந்து, அடித்துத் தூற்றிக் குவித்த பிறகு, கலத்துக்கு இவ்வளவு என்று மிராசுதாரின் ஆள் அளந்து போடுவான். அந்த அளவில் அரைப்படி கூடுதலாகக் கேட்டார்கள். வெண்மணியைப் பற்றி இன்றும் எங்கள் ஊர்களில் பேசுவது இந்த அரைப்படியை வைத்துத்தான். மிராசுதார்கள் மறுத்து, வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்தார்கள். அறுவடை தடைப்படக் கூடாது என்று திமுக அரசு 'கிசான் போலீஸ்' என்ற பெயரில் தனிப் படையையே கீழத்தஞ்சையில் நிறுத்தியிருந்தது. பெயரில் விவசாயி இருந்தார். காவல் கிடைத்தது மிராசுதாரின் நெல்லுக்கு.

டிசம்பர் 25 மாலையில் தொடங்கிய மோதலில் மிராசுதார்கள் பக்கத்து ஆள் ஒருவர் இறந்தார். இரவில் அடியாட்களோடும் துப்பாக்கிகளோடும் வந்தார்கள். ஓட முடிந்தவர்கள் வயல்களுக்குள் ஓடினார்கள். முடியாத பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ராமையாவின் குடிசைக்குள் புகுந்தார்கள். கதவை அடைத்துத் தீ வைத்தார்கள். 44 பேர்.

வெண்மணியில் செத்தது வர்க்கத்துக்காகவா, சாதிக்காகவா? இந்த விவாதத்தில் நம் இளைஞர்கள் இரவெல்லாம் சண்டை போடுகிறார்கள். சண்டை போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் குடிசை நின்ற மனை யாருடையது என்று முதலில் கேளுங்கள். சேரியின் மனைக்கட்டுகளில் பெரும்பாலானவை மிராசுதாரின் பட்டாவில் இருந்தன. கூலி கேட்டால் வேலை போகும். அதோடு வீடும் போகும். சேரியில் பிறந்தவருக்கு ஊருக்குள் மனை கிடைக்காது. வயலில் உழைக்கிறவருக்கு வயல் கிடைக்காது. ஒன்றைச் சாதி என்றும் இன்னொன்றைக் கூலி என்றும் தனித்தனியாக எடுத்து வைப்பது நம் கருத்தரங்குகளில் முடிகிறது. அந்தக் குடிசைக்குள் இருந்தவர்களுக்கு முடியவில்லை. செங்கொடிச் சங்கத்தில் சாதி இந்துக் கூலிகளும் இருந்தார்கள். எரிந்தது சேரி. இதைச் சொல்ல இடதுசாரித் தோழர்கள் பல பத்தாண்டுகள் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தை நாம் விமர்சித்தோம், சரியாகவே விமர்சித்தோம். ஆனால் நாம் என்ன செய்தோம்? வெண்மணியை நம்முடையது என்று வாங்கிக்கொண்டு, அரைப்படியைக் கீழே போட்டுவிட்டோம். நம் மேடைகளில் அடையாளம் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறோம். இந்தச் சம்பாவில் ஒரு நாள் நடவுக் கூலி எவ்வளவு என்று கேட்டால் பேச்சாளர் பக்கத்திலிருப்பவரைப் பார்க்கிறார். எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

நீதிமன்றம் என்ன செய்தது என்பது உங்களுக்குத் தெரியும். குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார் தரப்பினர் 23 பேர். 1970இல் நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட 8 பேருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. வசதியான நிலக்கிழார்கள், கார் வைத்திருப்பவர்கள், தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது தீர்ப்பின் சாரம். அன்று இறந்த மிராசுதார் ஆளின் கொலை வழக்கில் தண்டனை பெற்ற கூலித் தொழிலாளர்களுக்கு அப்படிப்பட்ட சந்தேகத்தின் பலன் கிடைக்கவில்லை. அவர்களிடம் கார் இல்லை.

தேதிகளைக் கொஞ்சம் சேர்த்துப் பாருங்கள். 44 பேர் எரிந்து 20 நாள் கழித்து, 1969 ஜனவரி 14, பொங்கல் நாளில், மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் அதிகாரபூர்வமாக வந்தது. வெண்மணிச் சேரியில் பதினாறாம் நாள் காரியம் முடிந்து அதிக நாள் ஆகவில்லை. ஜனவரி 30இல், காட்டுமன்னார்கோயில்காரரான இளையபெருமாள் தலைமையிலான குழு, தீண்டாமை பற்றிய தன் அறிக்கையை மத்திய அரசிடம் கொடுத்தது. கொள்ளிடத்தின் வடகரையில் பிறந்த ஒரு தலித் தலைவர் நாடு முழுக்கச் சுற்றி எழுதிய அறிக்கை அது. பரம்பரை அர்ச்சகர் முறை ஒழிய வேண்டும் என்ற பரிந்துரை அதில்தான் இருக்கிறது. 1970இல் தமிழகம் கொண்டுவந்த சட்டத் திருத்தத்துக்கும் அது ஆதாரமானது. பிப்ரவரி 3இல் அண்ணா மறைந்தார். ஆறு வாரத்துக்குள் இத்தனையும். தமிழ்நாடு பெயர் சூட்டலைக் கொண்டாடுகிற கட்டுரைகளில் 20 நாளைக்கு முந்தைய அந்த இரவு வருவதில்லை. வெண்மணி அஞ்சலிக் கட்டுரைகளில் இளையபெருமாள் வருவதில்லை. மாவிட்டபுரமோ இரண்டிலும் இல்லை.

பலனே இல்லையா என்றால், உண்டு. 1969இலேயே தஞ்சை விவசாயத் தொழிலாளர்களுக்கான நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1970இல் நில உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கரிலிருந்து 15ஆகக் குறைந்தது. 1971இல் குடியிருப்புச் சட்டம் வந்து, குடிசை போட்டிருந்த மனை குடியிருந்தவருக்கே சொந்தமானது. கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் இந்தப் பகுதியிலேயே தங்கி, நிலமில்லாத தலித் பெண்களின் பெயரில் நிலம் பதிய வைத்தார்கள். மைதிலி சிவராமன் நேரில் வந்து எழுதியவை இல்லையென்றால் ஆங்கிலம் படிக்கிற உலகத்துக்கு வெண்மணி இந்த அளவு தெரிந்திருக்காது. இந்தச் சட்டங்களை அரசின் கொடை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். மனைப் பட்டா வாங்கிய எங்கள் பாட்டிமார்கள் அப்படிச் சொல்லவில்லை. 'வெண்மணிக்காரங்க வாங்கிக் குடுத்தது' என்றுதான் சொன்னார்கள்.

இன்று களத்தில் மெஷின் அறுக்கிறது. படியும் மரக்காலும் பரணில் கிடக்கின்றன. நம் பிள்ளைகள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் குழுக் குழுவாக வந்து நிற்கிறார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, மோட்டார் கொட்டகையில் படுத்து, சமைத்துச் சாப்பிட்டு, நட்டு முடித்து அடுத்த ஊருக்குப் போகிறார்கள். 1968இல் கூலியை உடைக்க வெளியூர் ஆட்களை இறக்கியதைப் போலத்தான் இதுவும் என்று எங்கள் கூட்டத்திலேயே ஒரு தம்பி கோபப்பட்டார். அந்தக் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. நம் பெண்களின் நடவு நாட்கள் குறைந்துவிட்டன. மீதிப் பாதி ஆபத்தானது. அந்த வங்காளிகளில் மண்டல் யாருக்காக டாக்காவுக்கும் கல்கத்தாவுக்கும் அலைந்தாரோ அவர்களின் பேரப்பிள்ளைகளும் இருக்கக்கூடும். போய்க் கேட்டோமா? அவர்களுக்கு என்ன கூலி, எந்த ஊர், என்ன சாதி, ஊரில் நிலம் உண்டா என்று நம்மில் ஒருவராவது விசாரித்ததுண்டா? இந்தத் தாளடியில் மூன்று ஊர்களில் உட்கார்ந்து கேட்டு எழுதிவர நாங்கள் ஒரு சிறு குழுவை அனுப்புகிறோம். இந்தியோ வங்காளமோ கொஞ்சம் தெரிந்த மாணவர்கள் இருந்தால் வாருங்கள். நோட்டும் பேனாவும் போதும்.

டிசம்பர் 25க்கு வருகிறவர்களுக்கு: தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் போகும் ரயிலில் ஏறிக் கீழ்வேளூரில் இறங்கிக்கொள்ளலாம். அங்கிருந்து வெண்மணிக்கு அன்று கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடலாம். நினைவிடத்தில் செல்ஃபி எடுப்பதை நாங்கள் தடுக்கப் போவதில்லை. எடுத்த பிறகு, கல்லில் உள்ள 44 பெயர்களையும் வாய்விட்டுப் படியுங்கள். பல பெயர்களுக்குப் பக்கத்தில் வயதைக் கேட்டால் ஊர்க்காரர்கள் சொல்வார்கள். முந்தின நாள் தஞ்சாவூரில் தங்குகிறவர்கள் சொல்லி அனுப்புங்கள். மாலையில் டானியலைப் புதைத்த இடத்துக்கு நாங்கள் கூட்டிப் போகிறோம். அந்த மாணவியும் வருகிறார். இந்த முறை மாவிட்டபுரம் பற்றிப் பேசப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.